மச்சாள் கழுவிய மீன்தொட்டி

போன சனிக்கிழமை அச்சுவேலிச் சந்தைக்குப் போய்த் திரும்பினால், என் மீன்தொட்டி பளபளக்கிறது. உள்ளே இருந்த மரக்கட்டை மொட்டையாகக் கிடக்கிறது. பாசியைக் காணோம்.

உடுப்பிட்டியிலிருந்து வந்திருந்த மச்சாள் – மனைவியின் அக்கா – கையைத் துடைத்தபடி வந்தார்.

"உந்தக் கட்டையைப் பார்க்கவே அருவருப்பாக் கிடந்தது. வெளியிலை எடுத்து, தேங்காய்த் தும்பாலை நல்லா உரஞ்சி விட்டனான்."

எங்கள் ஊரில் பாசி என்றால் கிணற்றடியில் வழுக்கி விழுத்துவது. கண்ட இடத்தில் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ஆனால் இது நான் கடையில் வாங்கிய ஜாவா பாசி. கட்டையில் நூலால் கட்டி, வெயில் படாமல் மறைத்து, நுனி வெட்டி, எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டி வளர்த்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்ப்பேன்... எனக்குச் சும்மா இருக்க வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் – அன்று காலைதான் கப்பி மீன் குஞ்சு போட்டிருந்தது. கப்பி, தான் பெற்ற குஞ்சையே தின்னும். குஞ்சுகளுக்கு இருந்த ஒரே ஒளிப்பிடம் அந்தப் பாசிதான்.

"கழிச்சதை எங்கை கொட்டினனியள்?"

"வாழையடியிலை."

ஓடினேன். சேற்றில் குந்தி, பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கினேன். பின்னாலேயே மச்சாள்.

"என்ன தேடுறியள்?"

ஆசையாக வேலை செய்த விருந்தாளியிடம் உண்மையைச் சொல்ல மனம் வருமா? விரலில் கிடந்ததைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டபடி, "மோதிரம்" என்றேன்.

விடுவாரா? அவரும் குந்தினார். கல்யாண மோதிரம் என்றதும் மனைவி மண்வெட்டியோடு வந்தாள். பாசி மண்ணோடு புரண்டது. எனக்கோ கால் தரிக்கவில்லை. உள்ளே ஓடிப் பார்க்கிறேன் – குஞ்சுகள் குறைகின்றன. வெளியே வருகிறேன் – பாசி இன்னும் புதைகிறது. திரும்பவும் உள்ளே...

கடைசியில் தாங்க முடியவில்லை.

"மச்சாள், மோதிரம் ஒண்டும் துலையேல்லை. எனக்கு உந்தப் பாசிதான் வேணும். அதுக்குள்ளைதான் மீன்குஞ்சு ஒளிக்கிறது."

மச்சாளுக்குக் கோபம் வரவில்லை. "உதை முதலே சொல்லியிருக்கலாமே. எனக்கென்ன தெரியும்?" என்றார். மிஞ்சிய பாசியை வாளியில் அலசி, கட்டையில் நூலும் அவரே சுற்றித் தந்தார்.

ஒருவர் மனம் நோகக்கூடாது என்று எத்தனை தடவை வாயை மூடிக்கொள்கிறோம்? அதற்குள் நட்டப்படுவது யார் என்று பார்க்கிறோமா?

மூன்று குஞ்சுகள்தான் மிச்சம். நான் மரியாதை காத்த அந்த அரை மணி நேரத்தில், பெரிய மீன்கள் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தன.