என் பெயரில் இன்னொருவர்

இன்று காலை கிள்ளானை அடுத்த மேரு நகரில், ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி அழைப்பு வருவதே அரிது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அந்த அதிகாரிப் பெண் கணேசன் முனியாண்டி என்ற என் பெயரைக் கணினியில் தேடினாள்.

"அங்கிள், கோர்ட் ரெக்கார்டுல உங்க பேர்ல போலி சான்றிதழ் கேஸ் இருக்கே?"

"அது நான் இல்லம்மா. அடையாள அட்டை ஐசி நம்பரைப் பாருங்க."

"இதுல நம்பர் இல்ல லா. பேர் மட்டும்தான். அப்பா பேரும் முனியாண்டிதான் போட்டிருக்கு."

இந்தக் காரணத்துக்காக நான் வெளியேறுவது இது மூன்றாம் முறை.

காரில் உட்கார்ந்து நானும் தேடினேன். கிள்ளானில் ஒரு கணேசன் முனியாண்டி; தொழில்முறைப் பக்கத்தில் கோட்டு, டை, சிரிப்பு. அகப்பட்டான் என்று நினைத்தேன். "உன்னால் என் பிழைப்பே போச்சு" என்று எழுதி அனுப்பினேன்.

மதியம் பதில் வந்தது.

"அண்ணே, அந்தக் கேஸ்காரன் நீங்கதான்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா எனக்கும் வேலை இல்ல. நெட்ல கெடச்ச உங்க போட்டோவைக் காட்டி வீட்ல நான் உங்களைத் திட்டாத நாள் இல்ல."

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்டேன். அவரும் கேட்டார்.

நாளை மாலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் இருவரும் தே தாரிக் டீ குடிக்கிறோம். மூன்றாவது கணேசன் முனியாண்டியை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.