கீழே ஆள் இருக்கு

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் சீசனில். கந்தப்பளைக்கு மேலே, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை குடியிருந்த பங்களா இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அங்கேதான் நான் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். கரண்ட், தண்ணீர்க் குழாய், கீசர், ஜெனரேட்டர், எது நின்றாலும், இங்கே கைவேலைக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி "பாஸ்" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். கொழும்பில் இருந்து வருகிறவர்களுக்குக் குளிரும் வேண்டும், அந்தக் குளிரில் இறங்கி விளையாட வெதுவெதுப்பான நீச்சல் குளமும் வேண்டும். ஹோட்டலுக்கு அந்தக் குளம்தான் பெருமை. எனக்கு அதுதான் தலைவலி.

குளத்துத் தண்ணீரைச் சுற்ற விடுகிற மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புது மாதிரி மோட்டார். அதன் தலையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் எலெக்ட்ரானிக் போர்டு. மற்ற நேரத்தில் மெதுவாக ஓடும், கரண்ட் மிச்சம். குளத்தைச் சுத்தம் செய்யும்போதும் தண்ணீரைச் சூடாக்கும்போதும் வேகமாக ஓட வேண்டும். அந்த வாரம் மெதுவாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வேகத்தைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஓடும். திரும்ப நிற்கும்.

நானும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். தண்ணீர் இழுக்கிற வாயில் உள்ள வடிகூடையைக் கழற்றிப் பார்த்தேன், பைன் இலை பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. சுத்தம் செய்தேன். மணல் ஃபில்டரைக் கழுவினேன். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. மழைக்குப் பாதுகாப்பு என்று தோட்டக்காரரும் நானுமாக மோட்டாரைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி வைத்திருந்தோம். அதை அவிழ்த்தால் உள்பக்கம் முழுக்க வேர்த்துப்போய் நீர்முத்து. பாதுகாக்கிறோம் என்று நினைத்து மோட்டாரை மூச்சுவிட முடியாமல் செய்திருக்கிறோம். கெஸ்ட் ரூமில் இருந்து முடி காயவைக்கிற மெஷினை வாங்கி வந்து காயவைத்தேன். ஒரு நாள் ஓடியது. மறுநாள் காலையில் பழைய கதைதான்.

மோட்டாரை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், கழற்றி கொழும்புக்கு அனுப்புங்கள் என்றார்கள். மேனேஜரிடம் சொன்னால், சீசன் முடியட்டும், அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டு என்றார். அந்த எப்படியாவது என்கிற வார்த்தையை எத்தனை பேரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. நனைந்த சப்பாத்து காய்வதற்குள் அதையே திரும்பப் போட்டுக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து மேட்டில் ஏறி வருவேன். வேலை கஷ்டமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அலுத்துப் போயிருந்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத அலுப்பு.

கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மெதுவாக ஓடும்போது வோல்டேஜ் சரியாக இருக்கிறது, வேகம் கூடினால் சர்ரென்று இறங்குகிறது. அப்படியென்றால் மோட்டாரில் பிழை இல்லை, கரண்ட் வருகிற வழியில்தான் எங்கேயோ பிடி விட்டிருக்கிறது. பம்ப் ரூம் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் தொட்டேன், சுட்டது. திறந்தால் கருகின வாசம். வயர் நுழைகிற ஓட்டையை யாரும் அடைக்காமல் விட்டதால் பனியும் ஈரமும் உள்ளே போய், மேலே இருந்து வருகிற வயரின் முனை பச்சை பூத்துக் கருகிப் போயிருந்தது.

இதில் ஒரு சிக்கல். அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாலும் மேலே இருந்து வருகிற வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டுமென்றால் லாண்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய சுவிட்சை இறக்க வேண்டும். அந்தச் சுவிட்சில்தான் துணி துவைக்கிற மெஷின்களும், ஒரு பக்கத்து ரூம்களின் கீசர்களும் ஓடுகின்றன. ரிசப்ஷனில் சொன்னேன். சரி, சீக்கிரம் முடியுங்கள் என்றார்கள்.

லாண்டரியில் ஒரு பெண் வேலை பார்த்தார். கீழ்ப் பிரிவு லயத்தில் இருந்து அப்போதுதான் புதிதாக வந்து சேர்ந்தவர். ஏறிட்டுப் பார்த்துப் பேசவே மாட்டார். நான் சுவிட்சை இறக்கிவிட்டு, "யாரு வந்தாலும் இதப் போட வேணாம்னு சொல்லுங்க. நான் கீழ கை வெச்சு வேலை செய்யப் போறேன்," என்றேன். "சரிங்கண்ணே," என்றார். அவ்வளவுதான். பால் பொங்குதா பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற மாதிரிப் போகிற போக்கில் சொன்னேன். பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். ஒரு அட்டையில் எழுதியாவது மாட்டியிருக்கலாம். அதற்குக்கூட உடம்பு வளையவில்லை.

பம்ப் ரூம் குளத்துக்குக் கீழே, வேலிச் செடிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து லாண்டரி தெரியாது, சத்தமும் கேட்காது. மோட்டார் பெட்டிக்குள் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும்வரை கொஞ்ச நேரம் காத்திருந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். கருகின முனையை வெட்டி, சுரண்டி, புது முனை வைத்து அழுத்த வேண்டும். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. ஈரத் தரை. ஒரு கையில் வெற்று வயர், மற்றக் கை இரும்புப் பெட்டியின் மேல்.

திடீரென்று அசிஸ்டன்ட் மேனேஜர் ஓடி வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பையன், நல்ல மாதிரி. தலையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. தாமதமாகிறது என்று ஏசத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் திரும்பாமலே, "இன்னும் கொஞ்சம்தான் சேர்," என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபில்டர் மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ், இவ்வளவு நேரமும் கை உள்ளேதான் இருந்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமாம்," என்றேன்.

"நான் போடப் போனேன் பாஸ். அந்தப் பெண் விடவில்லை."

விஷயம் இதுதான். ரிசப்ஷனில் ஆள் மாறியபோது நான் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மேல் மாடி ரூமில் ஒரு அம்மா உடம்பெல்லாம் சோப்போடு நிற்கும்போது சுடுதண்ணீர் நின்றுவிட்டது. அந்தக் குளிரில் எப்படி இருந்திருக்கும். போனில் சத்தம் போட்டிருக்கிறார். அசிஸ்டன்ட் மேனேஜர் ஓடி வந்து பார்த்தால் சுவிட்ச் இறங்கியிருக்கிறது. தானாக விழுந்திருக்கிறது என்று நினைத்து கையை நீட்டியிருக்கிறார். அந்தப் பெண் குறுக்கே வந்து பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். அவருக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். "பஹல மினிஹெக் இன்னவா, பஹல மினிஹெக் இன்னவா." கீழே ஒரு ஆள் இருக்கு, கீழே ஒரு ஆள் இருக்கு. இவர் கோபத்தில் ஏசி, அந்தப் பெண்ணைத் தாண்டிக் கையை நீட்டியபோது, அவர் அந்தக் கையைத் தட்டியே விட்டிருக்கிறார். துணி துவைக்க வந்தவர் அசிஸ்டன்ட் மேனேஜரின் கையைத் தட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் அசிஸ்டன்ட் மேனேஜருக்குச் சந்தேகம் வந்து, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே ஓடி வந்திருக்கிறார்.

வயரை வைத்துவிட்டு எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் எழுந்து, "முடித்துவிட்டு நீங்களே வந்து போடுங்கள் பாஸ். அதுவரை நான் அங்கே நிற்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவழியாக வேலையை முடித்துக்கொண்டு மேலே போனேன். அசிஸ்டன்ட் மேனேஜர் ஒரு பக்கம் நிற்கிறார். அந்தப் பெண் இன்னும் பெட்டியில் சாய்ந்தபடியே நிற்கிறார், தோளில் ஈரப் பெட்ஷீட். என்னைக் கண்ட பிறகுதான் நகர்ந்தார். நான் சுவிட்சை ஏற்றினேன்.

"வேலை போயிருந்தா என்னங்க செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்.

"கீழ ஆள் இருக்குன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க," என்றார். "ஆள் இருக்கிறப்ப எப்படிப் போட விடுறது? வேலை போனா போகுது." பிறகு மெஷினைப் பார்த்து, "இப்பப் போடலாமாண்ணே? துணி மலையாக் கெடக்கு."

சாயங்காலம் மழை விட்டதும் மோட்டார் முழு வேகத்தில் ஓடியது. குளத்தில் இருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். நான் ஓரமாக நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரவில்லை. எங்கேயாவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

சீசன் முடிந்ததும் வயர் ஓட்டையை அடைத்தேன். மோட்டாரைத் தரையில் இருந்து உயர்த்தி வைத்தேன். பொலித்தீனுக்குப் பதிலாக, நாலு பக்கமும் காற்று வரும்படி மேலே தகரம் மட்டும் போட்டேன். இடி மின்னலுக்குத் தாங்கும்படி ஒரு பாதுகாப்புக் கருவியும் மாட்டியாகிவிட்டது. பெரிய சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு வாங்கித் தந்தது அசிஸ்டன்ட் மேனேஜர்தான். அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டதைப் பற்றி அவர் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் இதைச் சொல்ல எனக்குப் பல நாள் ஆனது. சொன்னதும் என் மனைவி சேலையை மாற்றிக்கொண்டு கீழ்ப் பிரிவுக்குக் கிளம்பிவிட்டாள். போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவர் வெட்கப்பட்டுப்போய், உட்காருங்கக்கா என்று சொல்லி பிளேன் டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த வருஷக் கடைசியில் கொழும்பில் ஒரு வீட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நான் அலுப்பில் அரை மனதோடு சொன்ன ஒரு வார்த்தையை அவர் முழு மனதோடு காதில் வாங்கினார். அதிலிருந்து யார் என்னிடம் எதைச் சொன்னாலும், எவ்வளவு களைத்திருந்தாலும், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.