கதாநாயகியின் அரை மூச்சு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். மைக் முன்னால் நின்றுவிட்டால் நாள் முழுக்க அழுவாள், சபதம் போடுவாள், மாமியாரை எதிர்த்து வாயடிப்பாள். எல்லாம் வேறொருத்தியின் வாய்க்காக. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதாநாயகிக்கு ஆரம்பத்திலிருந்தே குரல் இவளுடையது, பேரும் புகழும் அவளுடையது.

கதாநாயகிக்கு வசனம் மனதில் நிற்காது. படப்பிடிப்பில் ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுப்பார். அதுவரை அவள் வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். திறந்த வாயைச் சும்மா விட முடியுமா? அழுகையை விழுங்குவதுபோல் ஓர் அரை மூச்சை அதில் இழுத்துவைத்தாள் வாயாடி. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். அந்த மூச்சுதான் தன் நடிப்பின் ரகசியம் என்று கதாநாயகி பேட்டியில் கூசாமல் சொன்னபோது இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

பிறகு தொலைக்காட்சியில் தொடரைப் பார்க்க ஆள் குறைந்தது. நிறுத்த மனமில்லாமல் இணையத்துக்குக் கொண்டுபோனார்கள். செல்போனுக்கு ஏற்ற குட்டிக் குட்டிப் பகுதிகள், படப்பிடிப்பிலேயே நேரடி ஒலிப்பதிவு. கதாநாயகி இனி வசனத்தை மனப்பாடம் செய்து சொந்தக் குரலில் பேசுவாளாம். இயக்குநர் வாயாடியைத் தனியாக அழைத்துத் தன்மையாகத்தான் சொன்னார்.

"பாக்கறவங்க ஏத்துக்கலன்னா உங்களைத்தாம்மா கூப்பிடுவோம்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இணையத்தில் தொடர் ஓகோவென்று ஓட வேண்டும், அந்தக் குரல் மட்டும் மண்ணைக் கவ்வ வேண்டும். இதுதான் அவளுடைய வேண்டுதல். வேலை போனதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. எப்படியும் கூப்பிடுவார்கள் என்று நம்பினாள்.

முதல் பகுதி வெளியான அன்று செல்போனைச் சமையல் மேடையில் சாய்த்துவைத்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கல், தொடரைக் காதால்தான் பார்ப்பார். கதாநாயகி திரையில் வந்தாள். எடுத்துக்கொடுக்க ஆளில்லை, காத்திருக்க வேண்டிய அவசியமுமில்லை. ஆனாலும் வாயைத் திறந்து ஒரு கணம் நின்றாள். அரை மூச்சை இழுத்தாள். அச்சு அசல் இவளுடைய மூச்சு.

'திருடி' என்று வாயாடி மனதுக்குள் திட்டினாள். கீழே கருத்துகளில் யாராவது குரல் மாறியதாகக் குறை சொல்லியிருப்பார்களா என்று தேடினாள். அந்த மூச்சுக்குத்தான் கண்ணீரும் இதயமுமாகக் கொட்டிக்கிடந்தது.

பகுதி முடிந்ததும் மாமியார் நிமிர்ந்தார்.

"எப்பவும் பேசறதைவிட இன்னைக்கு நல்லா பேசியிருக்கேம்மா."

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து அரை மூச்சுதான் வந்தது.

"இதேதான்," என்றார் மாமியார், அடுத்த வெங்காயத்தை எடுத்தபடி.