கரண்டிக் காம்பு வைத்த டைமர்

"காம்புல பூ போட்டிருக்கா? அப்ப அது என் கரண்டிதான்..."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"...என் வீட்டுக் கரண்டியை ஒடிச்சு எஞ்சினுக்கு வெச்சவதானே நீ..."

"அடியே, அதைத்தான் சொல்றேன். கிடைச்சிருக்கு. வலைல மாட்டி வந்திருக்கு."

அதற்குப் பிறகுதான் தங்கை வாயை மூடினாள். போனை வைத்துவிட்டாள்.

இது நடந்தது. இல்லாததைக் கட்டி எழுத எனக்கு வயதும் இல்லை, பொறுமையும் இல்லை. போன மழைக்காலம், ஒரு புதன்கிழமை. நேரங்களைப் பட்டறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

பழைய படகு எஞ்சின்களின் டைமரைப் பார்த்து, அது எந்த எஞ்சினுடையது என்று சொல்வேன். கெட்டிருந்தால் சரிசெய்வேன். என் தொழில் அதுதான். உள்ளங்கையளவு பித்தளை வளையம், அதில் ஒரு பிடி, அவ்வளவுதான் டைமர். எஞ்சினில் பொறி எப்போது விழவேண்டும் என்று சொல்வது அது. அந்தக் காலத்துச் சிறு படகுகளுக்குக் கியர் கிடையாது. பின்னால் வர வேண்டுமானால் சுவிட்சை அணைக்க வேண்டும். சக்கரம் நிற்கப்போகும் நொடியில் பிடியை மறுபக்கம் தள்ளிச் சுவிட்சைப் போட வேண்டும். எஞ்சின் உதறிக்கொண்டு தலைகீழாகச் சுற்றும். கொஞ்சம் பிசகினாலும் நின்றுவிடும்.

தங்கை வீட்டுக்காரருக்கு அது கைவந்த கலை. துறைக்குள் எப்போதும் பின்பக்கமாகவே வருவார். அங்கே அவருக்குப் பெயரே ரிவர்ஸ்தான். அவருடைய டைமரின் பிடி ஒடிந்தபோது, தங்கை வீட்டு எவர்சில்வர் கரண்டியின் காம்பைத்தான் வைத்துக் கொடுத்தேன். அதற்கு ஒரு வாரம் திட்டினாள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு மாலை, நான் பூட்டிக் கொடுத்த அந்த டைமரோடு தனியாகக் கடலுக்குப் போனார். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை.

"நீ மாத்திப் பூட்டிட்டே. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுருச்சு" என்றாள் தங்கை. அன்றிலிருந்து என் பட்டறை வாசலை அவள் மிதிக்கவில்லை. இருப்பது இரண்டு தெரு தள்ளி. அவளும் தனி, நானும் தனி. சண்டை போட மட்டும் போன் செய்வாள். எனக்கு வேறு யார் போன் செய்கிறார்கள்? சண்டைக்காவது மணி அடிக்கட்டும் என்று எடுப்பேன்.

டைமருக்குள்ளே எஞ்சின் தண்டோடு சுற்றும் ஒரு சிறு துண்டு உண்டு. அதில் ஒரு புள்ளி, தண்டில் ஒரு புள்ளி குத்தி வைப்பது என் வழக்கம். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் சரியாகப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பார்த்துத்தான் பூட்டினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் அன்று அவசரம். பார்த்தேனா... இல்லையா... எனக்கே நினைவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வலைக்காரர் ஒருவர் அந்த டைமரை நாலு மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சிப்பி அப்பிய பித்தளைக் கட்டி. உடைந்த தண்டு இன்னும் உள்ளே இருந்தது. பிடியை இரண்டு கையாலும் தள்ளினேன். பின்பக்கமாகவே இறுகிக் கிடந்தது. வினிகர் ஊற்றிய பேசினில் ஊறப்போட்டேன். படிவு இளகினால் புள்ளிகள் தெரியும். அதன்பிறகுதான் தங்கைக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன்.

மழை பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து பேசினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.40.

ட்ர்ர்ர்ர்ர்...

மேசை ஓரத்துக் காயில் பெட்டி. டைமர் மின்சாரத்தைத் தொடும்போதெல்லாம் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் வண்டு போல இரையும் மரப்பெட்டி. சோதனைக்காக வைத்திருப்பது.

பேட்டரி அலமாரியில் இருந்தது. பெட்டியின் இரண்டு வயரும் தரையைப் பார்த்துத் தொங்கின.

நின்றது. ஒன்று... இரண்டு...

டக்.

ட்ர்ர்ர்ர்ர்...

பேசினுக்குள் எட்டிப் பார்த்தேன். பிடி முன்பக்கம் திரும்பியிருந்தது.

வினிகர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேசை மட்டமாகத்தான் இருந்தது.

மறுபடி நின்றது. ஒன்று... இரண்டு... டக்.

பிடி பின்பக்கம். வினிகர் மறுபக்கம் சாய்ந்தது.

அந்த 'ஒன்று, இரண்டு' எனக்குத் தெரியும். அப்படி எண்ணித் தள்ளுகிற கை ஒன்றுதான்.

"மாப்பிள்ளை..." என்றேன்.

டக். முன்னே. டக். பின்னே.

புரிந்துவிட்டது. பெரிய அலையில் படகைத் திருப்பினால் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும். அதனால் திருப்பவில்லை; படகின் முகப்பு கடலைப் பார்த்தபடியே இருக்கிறது. அலை வரும்போது முன்னே ஓட்டி முட்டுகிறார். தணிந்ததும் பின்னே.

கரைக்கு வருகிறார்.

எஞ்சின் நிற்கவில்லை. ஓடுகிறது...

எழுந்து ஓட நினைத்தேன். ஓடாமல் பென்சிலை எடுத்துச் சுவரில் நேரத்தை எழுதினேன்.

7.10. இன்னும் வருகிறார்.

7.20. இன்னும்.

7.25.

நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

டக் வரவில்லை.

எட்டு மணிக்குக் கையை உள்ளே விட்டேன். பிடி பழையபடி இறுகியிருந்தது. பின்பக்கமாக. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். முதலில் தண்டின் புள்ளி தெரிந்தது. பிறகு மற்றது.

நேருக்கு நேர் நின்றன.

தங்கைக்குப் போன் செய்தேன். "சண்டை போடக் கூப்பிடலை. காலைல வா."

ஒன்பது மணிக்கு வந்தாள். முப்பத்தொரு வருடம் கழித்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். புள்ளிகளைக் காட்டினேன். இரவு கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. பிடியைப் பார்த்தாள்.

"இது எந்தப் பக்கம்?"

"ரிவர்ஸ். கரைக்குத்தான் வந்திருக்கார்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா... நான் அன்னிக்கு அவரைத் துறைல விட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன்னு சொன்னேன்ல..."

"ஆமா."

"வரலை. போறப்போ சண்டை. போய்த் தொலைங்கன்னுட்டேன். அப்புறம் வானம் கறுத்துருச்சு. துறை முனைல நின்னு, வாங்க வாங்கன்னு டார்ச் அடிச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு நாப்பது."

நான் சுவரைப் பார்க்கவில்லை. பென்சில் எழுத்து அவளுக்குப் பின்னால் இருந்தது.

"எதுவரைக்கும் அடிச்சே?"

"ஏழு இருபத்தஞ்சு. பேட்டரி தீந்துருச்சு. எங்க வரப்போறாருன்னு... வீட்டுக்குப் போயிட்டேன்."

மழை விட்டிருந்தது. காயில் பெட்டியின் வயர்கள் தொங்கின. அவள் பேசினைத் தன் பக்கம் இழுத்தாள். கரண்டிக் காம்பின் மேல் விரலை வைத்தாள். தாமதமாக வருகிறவருக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"ஏங்க... இவ்வளவு நேரமா?"