பேஹாலாவில் பறக்காத சனிக்கிழமை

1974 மார்ச், சனிக்கிழமை காலை ஆறரை மணி. சென்னையிலிருந்து 1,660 கிலோமீட்டர் தாண்டி ஹவுராவில் இறங்கினேன். இரண்டு இரவு ரயிலில் கிடந்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. வயது ஐம்பத்திரண்டு.

பேஹாலா விமானத் திடலில் ஒரு பழைய ஜெர்மன் கிளைடர் விலைக்கு வந்திருந்தது. ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா என்று சொல்லும்படி எங்கள் கிளைடர் சங்கம் என்னை அனுப்பியிருந்தது. இயந்திரம் இல்லாத விமானம். மரம், துணி, பசை, அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போகும். திங்கட்கிழமை திரும்ப டிக்கெட் இருந்தது.

அதைப் பராமரிப்பவர் கணேசன். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஸ்டேஷனுக்கு வந்து டாக்ஸியில் அழைத்துப் போனார்.

"வலது றெக்கையில ஒரு எடம் பசை விட்டுப்போச்சு ஸார். ஒட்டற வேலை நேத்து. அப்புறம் ஒரு குறையும் இல்லே."

எட்டு மணிக்கு என்னைத் திடலில் விட்டுவிட்டு, கிடர்பூரில் ஏதோ வாங்க வேண்டும் என்று போய்விட்டார்.

பத்தரைக்கு வானத்தில், மேலெழும் காற்று இருப்பதைக் காட்டும் அருமையான மேகங்கள் கட்டின. கிளைடர்காரனுக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அங்கிருந்த இரண்டு வங்காளிகளிடம் ஜாடை காட்டி வண்டியை வெளியே தள்ளச் சொன்னேன். வலது இறக்கையில் புதுத் துணி ஒட்டியிருந்தது. ஏறும் முன் இறக்கை நெடுக விரலால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும்; பசை விட்ட இடத்தில் ஓசை மாறும். இருபது வருஷமாகச் செய்கிறேன். அன்று அலுப்பாக இருந்தது. ஏறி உட்கார்ந்து வாரைக் கட்டிக்கொண்டேன். இழுகயிற்றையும் மாட்டிவிட்டார்கள்.

அப்போது கேட்டருகிலிருந்து கணேசன் ஓடி வந்தார். "நாமுன்! நாமுன்!" என்று கத்தினார். எனக்குப் புரியவில்லை; வங்காளிகளுக்குப் புரிந்தது. இறக்கை நுனியைப் பிடித்திருந்தவன் அதைத் தரையில் சாய்த்துவிட்டான்; இனி வண்டி கிளம்பாது. கணேசன் கையில், மூடி பிரிக்காத பசை டப்பா.

"எறங்குங்கோ ஸார்! உள்ளே இன்னும் ஒட்டவே இல்லே. தண்ணி போகாம மேலே துணி மட்டுந்தான் போட்டேன்."

"நேத்துன்னு சொன்னேளே?"

"ஆமாம், நேத்து ஞாயித்துக்கிழமை..." என்றவர் அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நாளைக்கு! நாளைக்குன்னு சொல்லணும். பெங்காலியில ரெண்டுக்கும் 'கால்'தான் ஸார். எனக்கு மாறிண்டே இருக்கும், எங்காத்துல சிரிப்பா."

இறங்கி அந்தத் துணியின் மேல் தட்டினேன். பலகை லொடலொடவென்று ஆடியது. அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு தட்டு தட்டியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

"திங்கக்கிழமை தாராளமாப் பறக்கலாம், நான் பொறுப்பு" என்றார் கணேசன். சரி என்று தலையாட்டினேன். ஆனால் மாலையே ஹவுராவுக்குப் போய் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வண்டி ஏறினேன்.

கரக்பூர் தாண்டியதும் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன்: "நல்ல கிளைடர். நல்ல கையில் இருக்கிறது. வாங்கலாம். ஓட்டிப் பார்க்க மட்டும், தட்டிப் பார்த்துவிட்டு ஏறும் வேறு ஆளை அனுப்புங்கள். இனி எதற்கும் என்னை அனுப்ப வேண்டாம்."