ஸ்டான்லி கப்பலுக்கு எங்க சார்ஜ் போடுறது?

ஸ்டான்லி போயிட்டான்.

நேத்து காலையில ட்ரெயினுக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது நெஞ்சைப் பிடிச்சவன்... ஆஸ்பத்திரி வரைக்கும் கூட தாங்கல. இன்னிக்கு சாயங்காலம் கேஜிஎஃப் ஆண்டர்சன்பேட்டை வீட்ல இருந்து எடுக்கறோம். தெரிஞ்சவங்க வந்துடுங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எனக்கும் அவனுக்கும் பெங்களூர்ல ஒரே ஆபீஸ், ஒரே ட்ரெயின், எதிரெதிர் சீட். ஆபீஸ்ல பில் போடுவான். வீட்டுக்கு வந்தா விண்வெளிக் கப்பல் செய்வான். நிஜமாத்தான்.

பிவிசி பைப், ஷாம்பூ மூடி, பழைய இயர்போன் வயர்... இதுலதான் மொத்தக் கப்பலும். உள்ள குட்டிக் குட்டி எல்இடி. ஒட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கம் பூரா கறுப்பு பெயிண்ட் அடிப்பான். வெளிச்சம் ஒழுகக்கூடாதாம்.

ஒருநாள் கேட்டேன். "இன்னாடா, பாதி ஜன்னல் எரியவே இல்ல? வயர் புட்டுக்கிச்சா?"

"நைட் ஷிப்ட் பார்த்தவன் தூங்குறான் மச்சான். எல்லா ஜன்னலும் எரிஞ்சா அது கல்யாண மண்டபம்."

தங்கச் சுரங்கத்து ஷிப்ட் பார்த்தே வளர்ந்த கேஜிஎஃப்-காரன் வேற எப்படி யோசிப்பான், சொல்லுங்க! ஒரு ஜன்னல் மட்டும் விட்டு விட்டு எரியும். அது சோக்கு போன ட்யூப்லைட்டாம். "அங்க மட்டும் ரிப்பேர் இருக்காதா இன்னா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்பான்.

கிறிஸ்துமஸ் குடில்ல சீரியல் செட் மொத்தமா அணைஞ்சு மொத்தமா எரிஞ்சதுக்கு சர்ச்ல சண்டை போட்ட ஆளு அவன். "எந்த ஊர்ல, ஃபாதர், நட்சத்திரம் எல்லாம் ஒண்ணா கண்ணடிக்குது?" பாவம், ஃபாதர் சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

அவன் கப்பல்ல சுவிட்ச் கிடையாது. சார்ஜ் போடுற ஓட்டையை எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்பான். "கண்டுபிடி, பிரியாணி வாங்கித் தர்றேன்"னு ஒவ்வொரு கப்பலுக்கும் பந்தயம். நான் ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல. சனியன், அவ்ளோ கெட்டிக்காரன்.

இப்போ அவன் வீட்லதான் இருக்கேன்.

போன வாரம் முடிச்ச கப்பல் டிவி மேல இன்னும் மினுங்கிட்டு இருக்கு. அவன் வொய்ஃப் மெர்சி அதைத் தூக்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க.

"அண்ணா, இது அணையக்கூடாதுண்ணா. எங்க சார்ஜ் போடுறதுன்னு பாருங்க. எப்பவும் அவருதான் போடுவாரு... நான் கேட்டுக்கவே இல்ல."

தேடினேன். கவுத்துப் போட்டு, மொபைல் டார்ச் அடிச்சு, நகத்தால ஒவ்வொரு மூடியா நெம்பி... எங்கயும் இல்ல. உடைச்சாத்தான் உண்டு. உடைச்சா திரும்ப ஒட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு ஹால்ல பெட்டிக்குள்ள படுத்திருக்கான்.

வெள்ளை ஜன்னல் எல்லாம் ஒண்ணொண்ணா போயிட்டு இருக்கு. வால்ல இருக்கற செவப்பு மட்டும் லேசா எரியுது. நான் பேட்டரிக்காரன் இல்ல, ஆனா சார்ஜ் தீரப்போவுதுன்னு எனக்குத் தெரியும்.

மெர்சி பக்கத்துல வந்து நின்னு பார்த்தாங்க. "ஷிப்ட் முடிஞ்சு தூங்கறாங்க... இல்லண்ணா?"

ஆமாம்மான்னு தலையாட்டிட்டு வெளிய வந்துட்டேன். வாசல்ல நின்னுதான் இதை டைப் பண்றேன்.

தோத்துட்டேன்டா. எங்கேன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

தூங்கு, ஸ்டான்லி.