ஆசீர் வைத்த காற்று வழி

அரியமங்கலத்தில் ஆசீரின் முகம் தெரியாதவர்கள்கூட அவன் வாயைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பார்கள். தகடு வளைத்துக் குழாய் செய்கிற வேலை அவனுக்கு. ஓட்டல் அடுப்படிப் புகையை வெளியே தள்ளும் குழாய், கல்யாண மண்டபத்து ஏசிக் குழாய் என்று எதைக் கொடுத்தாலும் செய்வான். ஊரில் ஆளாளுக்குக் கேஸ் கீசர் வாங்கிக் குளியலறைக்குள் மாட்ட ஆரம்பித்ததும், அதற்கும் புகைக்குழாய் வைக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். பாவம், வேலையோடு அவன் பிரசங்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

"கீசரை வெளிச் சுவத்துல மாட்டுறதுதாங்க நல்லது. முடியலைன்னா, புகை போக மேல ஒரு குழாய், நெருப்புக்குக் காத்து வர கீழ ஒரு ஓட்டை, ரெண்டும் இருந்தே ஆகணும். அந்தக் கீழ் ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க. அடைச்சா கேஸ் சரியா எரியாது. வாசனையே இல்லாத விஷக்காத்து ரூமெல்லாம் நிறைஞ்சிடும். என்ன ஏதுன்னு தெரியறதுக்குள்ள ஆள் விழுந்துடுவாங்க."

வேலை முடிந்ததும் கீசரை ஓடவிட்டு, குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு ஊதுவத்தியைப் பிடிப்பான். புகை குழாய்க்குள் இழுபட்டுப் போனால்தான் பையை மூடுவான். இல்லையென்றால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி பூட்டுவான். வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அசைய மாட்டான்.

அவன் மனைவி சுஜாவுக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. "ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதரை உக்கார வச்சிட்டு நீங்க ஏறி நில்லுங்க. மொத்தச் சனத்துக்கும் கீசர் பாடம் எடுத்துடலாம்" என்பாள்.

இவர்களுக்குக் குழந்தை பிறக்க வெகுகாலம் ஆயிற்று. எத்தனை டாக்டர், எத்தனை நேர்த்திக்கடன்! அப்படித் தவமிருந்து பெற்றவள்தான் ஜென்சி. தாய்வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, நல்ல மார்கழிக் குளிரில் சுஜா பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். அதற்குள் ஆசீர் வீட்டில் ஒரு கீசர் வாங்கி வைத்திருந்தான். வாடகை வீடு. வெளிச் சுவரில் கீசர் தொங்குவதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சரியென்று குளியலறைக்குள்ளேயே மாட்டி, மேலே குழாயும் கீழே காற்று வழியும் வைத்தான். பத்தாததற்கு, ஒன்று ஆகிவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியட்டும் என்று கதவின் தாழ்ப்பாளையும் கழற்றிப் போட்டான்.

முதல் நாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்தக் கீழ் ஓட்டை வழியே சில்லென்று காற்று வந்தது. ஜென்சி தும்மினாள். ஒரே ஒரு தும்மல்தான்! அதற்கு அன்றைக்கெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான் ஆசீர். மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும்போது, சுஜா அடுப்படியில் இருந்த நேரமாகப் பார்த்து, தன் துண்டைச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் திணித்தான். பிள்ளை குளித்து முடிக்கிற வரைக்கும்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனுஷன் பண்ணுகிற காரியமா இது? பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

அன்று அவனுக்கு ஸ்ரீரங்கத்தில் வேலை. உத்தர வீதியில் வைதேகி மாமி வீட்டு கீசர் அணைந்து அணைந்து போகிறதாம். போய்ப் பார்த்தால், கீழ் ஓட்டையை அட்டை வைத்து ஒட்டியிருந்தது.

"அது வழியா பல்லி வரதுப்பா. அதான் அடைச்சுட்டேன்" என்றாள் மாமி.

"என்ன மாமி இது, எத்தனை தடவை சொன்னேன்? இதை அடைச்சா உள்ள இருக்கிறவங்க..." என்று ஆரம்பித்தவனுக்குக் காலையில் தான் திணித்த துண்டு ஞாபகம் வந்தது. சுஜா பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம் அதுதான்.

சுஜாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டான், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு விஜயராணியைக் கூப்பிட்டான்.

"அக்கா, எங்க வீட்டுக்கு ஓடுங்க! பாத்ரூம் கதவைத் தள்ளுங்க! ரெண்டு பேரையும் வெளிய இழுத்துப் போடுங்கக்கா, உள்ள நிக்காதீங்க!"

விஜயராணி ஏன் எதற்கென்று கேட்கவில்லை. ஓடினாள். கதவைத் தள்ளியபோது சுஜா சுவரில் சாய்ந்து கிடந்தாளாம். மடியில் ஜென்சி ஈனஸ்வரத்தில் முனகிக்கொண்டிருந்தாளாம். பிள்ளையை வாசலில் கிடத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்த் தாயையும் இழுத்து வந்துவிட்டாள். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும்.

காவிரிப் பாலத்தை எப்படிக் கடந்தான் என்று ஆசீருக்கு இன்றைக்கும் நினைவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டு அழுதுகொண்டே வண்டி ஓட்டினான். விஜயராணி ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் போனில் சொன்ன ஆஸ்பத்திரிக்கு அவன் வந்தபோது இருவருக்கும் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நேரத்தோடு வெளியே எடுத்ததால் பிழைத்தார்கள் என்றார் டாக்டர். ஜென்சி நன்றாக அழத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் சுஜா கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் சுஜா அடைச்சேன். பாப்பாவுக்குச் சளி பிடிச்சிடுமேன்னு. கொல்லப் பார்த்துட்டேன் உங்களை."

அவள் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைச் சற்று விலக்கினாள்.

"துண்டைப் பார்த்தேங்க. ஓரத்துல இடுக்கு இருந்துச்சு, காத்து வந்துச்சு. நானும் ஒரு பழைய நைட்டியைக் கிழிச்சுத் திணிச்சேன்."

"நீயுமா? நான் எவ்வளவு சொல்லியிருக்கேன்..."

"உங்களை மாதிரி பயப்படுற ஆளே கிடையாது. நீங்களே அடைச்சிருக்கீங்கன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேங்க."

ஆசீர் அவள் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மற்றக் கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.